வடைச் சட்டி எண்ணெயில் லாரி ஓடுமா?

திரவமும் அல்லாத, ஆவியும் அல்லாத ஓர் அதிசய நிலை

பலகாரக் கடை வாசலில் ஒரு பெரிய இரும்புச் சட்டி. அதில் காலை முதல் எண்ணெய் காய்ந்து கொண்டே இருக்கிறது. முதலில் பொன்னிறமாக இருந்த எண்ணெய், வடை, பஜ்ஜி, போண்டா என்று ஒவ்வோர் ஈடாக வெந்து வெளியே வர வர, மாலைக்குள் கரு நிறமாகி விடுகிறது. அடியில் கசடு, மேலே நுரை, நாசியில் ஒரு காரல் நெடி. சரி, கடையைக் கட்டிய பிறகு அந்த எண்ணெய் எங்கே போகிறது?

சில இடங்களில் மறுநாள் புது எண்ணெயோடு கலந்து மறுபடியும் அடுப்பேறுகிறது. சில இடங்களில் மலிவு விலைக்கு வேறு கைக்கு மாறி, வேறொரு சட்டியில் காய்கிறது. மிச்சம் சாக்கடைக்குப் போய்க் குழாயை அடைக்கிறது. மூன்றும் கேடுதான். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் உடம்புக்கு ஆகாத பொருள்கள் பெருகி விடுகின்றன. அவற்றின் அளவு 100-க்கு 25 பங்கைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. தாண்டிய எண்ணெயைச் சேகரித்து எரிபொருளாக்க வேண்டும் என்று 2018-ம் ஆண்டில் அந்த ஆணையம் ஒரு திட்டமும் வகுத்தது.

எரிபொருளாக்குவதா? கறுத்துப் போன எண்ணெயை ஊற்றினால் லாரி ஓடுமா? அப்படியே ஊற்றினால் நீண்ட நாள் ஓடாது. ஆனால் அதைப் பக்குவப்படுத்தினால் தாராளமாக ஓடும். பக்குவப்படுத்துவதில்தான் சங்கடம். அந்தச் சங்கடத்தைத் தீர்க்க விஞ்ஞானிகள் கையாண்டிருக்கும் முறை ஒன்று மிகவும் விசித்திரமானது.

கடலை எண்ணெயில் ஓடிய யந்திரம்

தாவர எண்ணெயில் யந்திரம் ஓட்டுவது புதிய யோசனை அல்ல. டீசல் யந்திரம் எவ்வளவு பழசோ, ஏறக்குறைய அவ்வளவு பழசு இதுவும். 1900-ம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஒரு சிறிய டீசல் யந்திரம் நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. பெட்ரோலிய எண்ணெய்க்கென்று செய்யப்பட்ட யந்திரம் அது. எந்த மாறுதலும் செய்யாமலே கடலை எண்ணெயை ஏற்றுக் கொண்டது. பார்த்தவர்களில் பலருக்கு வித்தியாசமே தெரியவில்லையாம். யந்திரத்தைக் கண்டுபிடித்த ருடால்ப் டீசலே 1912-ல் இந்தச் சம்பவத்தை எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் இத்தனை காலம் ஏன் எல்லோரும் மண்ணைத் தோண்டி எண்ணெய் எடுத்தார்கள்? முதல் காரணம் விலை. இரண்டாவது காரணம் எண்ணெயின் கொழகொழப்பு. டீசலைவிடத் தாவர எண்ணெய் ஏறக்குறைய பத்து மடங்கு கெட்டியாக ஓடும். யந்திரத்தின் நுண்ணிய துவாரத்தில் அது சரியாகத் தெளிக்காது, முழுவதும் எரியாது, உள்ளே கரி படியும். சில மணி நேரம் ஓடிக் காட்டிவிடலாம். வருஷக் கணக்கில் ஓட்ட முடியாது.

இதற்கு ஒரு பரிகாரத்தை பெல்ஜியம் நாட்டில் கண்டார்கள். பிரஸ்ஸல்ஸ் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஷாவான் என்ற விஞ்ஞானி, பனை இனத்து எண்ணெயான பாமாயிலுடன் சாராயத்தைச் சேர்த்து ரசாயன மாற்றம் செய்து, இளகிய எரிபொருள் ஒன்றை ஆக்கினார். 1937-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகருக்கும் லூவேன் நகருக்கும் இடையே ஒரு பயணி பஸ் அந்த எரிபொருளில் ஓடியது. இன்று பயோடீசல் என்று பெயர் பெற்றிருக்கும் பொருளின் முன்னோடி அதுதான்.

நுகத்தடியும் மூன்று மாடுகளும்

எண்ணெயை இளக வைக்கும் அந்த வித்தை என்ன?

எண்ணெய், நெய், கொழுப்பு எல்லாவற்றுக்கும் அமைப்பு ஒன்றுதான். ஒரு நுகத்தடியில் மூன்று மாடுகளைப் பூட்டியிருப்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். கிளிசரின் என்ற பொருள்தான் நுகத்தடி. நீண்ட சங்கிலி போன்ற மூன்று கொழுப்பு அமிலங்கள் மாடுகள். மூன்றும் சேர்ந்து பூட்டப்பட்டிருப்பதால்தான் எண்ணெய் மெத்தனமாக நகர்கிறது. மெத்தனால் என்ற ஆல்கஹாலைச் சேர்த்தால், அது ஒவ்வொரு மாட்டையும் நுகத்தடியிலிருந்து அவிழ்த்துத் தன்னோடு பிணைத்துக் கொள்கிறது. அவிழ்ந்த மாடுகள்தான் பயோடீசல். தனித்து நிற்கும் நுகத்தடி கிளிசரின். கணக்கும் எளிது. 100 கிலோ எண்ணெயும் 11 கிலோ மெத்தனாலும் கூடினால், சுமார் 100 கிலோ பயோடீசலும் 10 கிலோவுக்குச் சற்று மேல் கிளிசரினும் கிடைக்கும்.

ஆனால் எண்ணெயும் மெத்தனாலும் ஒட்டாத உறவினர்கள். ஒரே பாத்திரத்தில் ஊற்றினாலும் தனித்தனியே நிற்கும். ஆகவே அவற்றைக் கூட்டி வைக்க ஒரு தரகர் தேவை. காஸ்டிக் சோடா போன்ற காரம்தான் அந்தத் தரகர். 60 டிகிரி சென்டிகிரேட் சூட்டில், காரத்தைச் சிறிதளவு சேர்த்து, ஒரு மணி நேரம் கலக்கினால் வேலை முடிந்துவிடும். உலகில் பெரும்பாலான பயோடீசல் இப்படித்தான் தயாராகிறது.

சோப்பாகிப் போகும் சோதனை

புத்தம் புதிய, சுத்தமான எண்ணெய்க்கு இந்த முறை கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் சமையலுக்கு உதவும் நல்ல எண்ணெயை வண்டிக்கு ஊற்றுவதா? ஏழை வீட்டுத் தாளிப்புக்கே எண்ணெய் எட்டாத விலையில் இருக்கும்போது அது நியாயமா? வியாபாரக் கணக்கிலும் கட்டுபடி ஆகாது. தயாரிப்புச் செலவில் பெரும்பங்கு எண்ணெய் விலைதான்.

கடையில் மீந்த எண்ணெய், கசாப்புக் கடைக் கழிவுக் கொழுப்பு, உண்ண முடியாத விதைகளின் எண்ணெய் ஆகியவை மலிவு. ஆனால் அவற்றில் இரண்டு வில்லங்கங்கள் உண்டு. ஒன்று, தண்ணீர். மற்றொன்று, ஏற்கெனவே நுகத்தடியிலிருந்து அறுத்துக் கொண்டு திரியும் கொழுப்பு அமிலங்கள். பலகாரத்தில் உள்ள ஈரமும் அடுப்பின் சூடும் சேர்ந்து எண்ணெயை உடைத்து உண்டாக்கியவை இவை.

காரமும் கொழுப்பு அமிலமும் சேர்ந்தால் என்ன ஆகும்? சோப்பு ஆகும்! குளியல் சோப்பு செய்கிறவருக்கு அது லாபம். எரிபொருள் செய்கிறவருக்கு நஷ்டம். காரம் வீணாகிறது, எண்ணெய் வீணாகிறது. நுரைத்துக் கொண்டு நிற்கும் கலவையிலிருந்து எரிபொருளைப் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகி விடுகிறது. பிறகு அதைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கழுவிய நீரையும் சுத்தம் செய்தாக வேண்டும்.

தரகரே இல்லாமல் எண்ணெயையும் மெத்தனாலையும் கூட்டி வைக்க முடியுமா? இதற்கு விடை சொன்ன விஷயம், சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு பிரான்ஸில் ஒரு துப்பாக்கிக் குழாய்க்குள் ஒளிந்திருந்தது!

துப்பாக்கிக் குழாய்க்குள் மாயம்

கான்யார் த லா தூர் என்பவர் ஒரு பிரெஞ்சுப் பிரபு. ஒலியைப் பற்றி ஆராய்வதில் அவருக்கு அலாதி மோகம். 1822-ல் அவர் ஒரு கனத்த துப்பாக்கிக் குழாயின் முனையை எடுத்து, அதில் ஓரளவு ஆல்கஹாலை ஊற்றி, சிக்கிமுக்கிக் கல்லால் ஆன ஓர் உருண்டையையும் போட்டு, காற்றுப் புகாமல் அடைத்தார். குழாயைச் சாய்த்தால் உருண்டை திரவத்தில் சளப்பென்று விழும் ஓசை கேட்டது. குழாயைச் சூடாக்கினார். சூடு ஏற ஏற, ஒரு கட்டத்தில் அந்த ஓசை நின்றுவிட்டது! உருண்டை மட்டும் உருண்டது, திரவத்தைக் காணோம்.

பிறகு கண்ணாடிக் குழாயில் அடைத்துக் கண்ணாலேயே பார்த்தார். திரவத்துக்கும் ஆவிக்கும் இடையே இருந்த எல்லைக் கோடு மங்கி, மறைந்தே போயிற்று. குளிரவிட்டதும் கோடு திரும்பி வந்தது.

1869-ல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் தாமஸ் ஆண்ட்ரூஸ் என்ற பேராசிரியர் கரியமில வாயுவை வைத்து இந்தப் புதிரை விடுவித்தார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மாறுநிலை உண்டு. அந்தச் சூட்டைத் தாண்டிவிட்டால், எவ்வளவுதான் அழுத்தினாலும் ஆவி திரவமாகாது. கரியமில வாயுவுக்கு அந்த எல்லை 31 டிகிரி சென்டிகிரேட். சித்திரை வெயிலில் நம் ஊர்ச் சுவரில் தொங்கும் கரியமில வாயுத் தீயணைப்பு சிலிண்டருக்குள் இந்த மாயம் சத்தமில்லாமல் நிகழ்ந்து கொண்டிருக்கிறது!

மாறுநிலைச் சூட்டையும் மாறுநிலை அழுத்தத்தையும் ஒருங்கே தாண்டிய பொருளை மீமாறுநிலைப் பொருள் என்கிறார்கள். இரண்டுங்கெட்டான் என்று சொல்லத் தோன்றும். உண்மையில் அது இரண்டும் வாய்த்தது. திரவத்தைப் போல மற்றப் பொருளைக் கரைக்கும். ஆவியைப் போல எந்தச் சந்து பொந்திலும் நுழையும். 1960-களில் ஜெர்மனியின் முல்ஹைம் நகரில் கர்ட் ஸோசெல் என்ற விஞ்ஞானி, இந்த நிலையில் உள்ள கரியமில வாயுவைக் கொண்டு காப்பிக் கொட்டையிலிருந்து காபீனை மட்டும் உருவி எடுக்கும் முறையைக் கண்டார். மணமும் ருசியும் கெடாமல் காபீன் நீக்கிய காப்பித் தூளுக்கு வழி பிறந்தது அப்படித்தான்.

கியோட்டோவில் நான்கு நிமிஷம்

மெத்தனாலுக்கு மாறுநிலை 239 டிகிரி சூடு. அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல் 80 மடங்கு. சமையலறைக் குக்கருக்குள் இருப்பது வெறும் இரண்டு மடங்குதான் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் உக்கிரம் புரியும். அந்த எல்லையைத் தாண்டியதும் மெத்தனாலின் குணமே மாறுகிறது. அதன் மூலக்கூறுகள் ஒன்றை ஒன்று பற்றியிருந்த பிடி தளர்கிறது. தண்ணீரோடு உறவாடிய அது, எண்ணெயோடு உறவாடத் தொடங்குகிறது. ஒட்டாத உறவினர்கள் ஒன்றாகக் கரைந்து விடுகிறார்கள். பிறகு தரகருக்கு என்ன வேலை?

இதைப் பரீட்சித்துக் காட்டியவர்கள் ஜப்பானில் கியோட்டோ பல்கலைக் கழகப் பேராசிரியர் ஷிரோ சாகாவும், அவரிடம் ஆராய்ச்சி செய்ய இந்தோனேசியாவிலிருந்து வந்த தாதன் குஸ்டியானாவும். 5 மில்லி லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு குப்பி. உறுதி மிக்க நிக்கல் உலோகக் கலவையால் ஆனது. அதில் கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப் விதை எண்ணெயையும் மெத்தனாலையும் அடைத்து, உருக்கிய வெள்ளீயத் தொட்டியில் அமிழ்த்தி ஆட்டினார்கள். சூடு 350 டிகிரி. அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் 400 மடங்குக்கு மேல். பிறகு சட்டென்று எடுத்துத் தண்ணீரில் அமிழ்த்திக் குளிர வைத்தார்கள். நான்கே நிமிஷம்! 100-க்கு 95 பங்கு எண்ணெய் எரிபொருளாகி இருந்தது. 2001-ல் இந்த முடிவு வெளியாயிற்று.

வேகம் மட்டும் இதன் சிறப்பு அல்ல. காரமே சேராததால் சோப்பு உண்டாவதில்லை. தறிகெட்டுத் திரியும் கொழுப்பு அமிலங்களையும் மெத்தனால் விட்டு வைப்பதில்லை. அவற்றையும் பிடித்து எரிபொருளாக்கி விடுகிறது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தாலும் பாதகம் இல்லை என்று பின்னர் அதே குழுவினர் காட்டினார்கள். பழைய முறைக்கு எவை எதிரிகளோ, அவை இங்கே எதிரிகளே அல்ல. கிளிசரினும் உப்பும் சோப்பும் கலக்காமல் சுத்தமாகக் கிடைக்கிறது.

இது கியோட்டோவில் நடந்தது பொருத்தமே. டெம்புரா என்பது ஜப்பானியரின் பஜ்ஜி. அது பொரித்த எண்ணெயை வீடு வீடாகச் சேகரித்து எரிபொருளாக்கி, 1997 முதல் தன் குப்பை லாரிகளை ஓட்டிய நகரம் அது. 2004-ல் நாளொன்றுக்கு 5,000 லிட்டர் தயாரிக்கும் ஆலையையும் அந்த நகராட்சி அமைத்தது. அந்த ஆலை நடந்தது பழைய கார முறையில். புதிய முறை பல்கலைக் கழகத்தில் பிறந்தும், பக்கத்திலிருந்த ஆலை பழைய முறையையே நாடியது ஏன்?

எங்கே இடிக்கிறது?

காரணம் செலவு. 350 டிகிரி சூட்டையும் 400 மடங்கு அழுத்தத்தையும் தாங்கும் கலங்களும் பம்புகளும் யானை விலை. அவற்றை இயக்கும் சக்திக்கும் பணம் வேண்டும். எரிபொருள் செய்வதற்கு அளவுக்கு மீறி எரிபொருளைச் செலவிட்டால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாகி விடும்.

மெத்தனாலின் அளவும் ஒரு சுமை. சாகாவின் சோதனையில் ஓர் எண்ணெய் மூலக்கூறுக்கு 42 மெத்தனால் மூலக்கூறுகள் வைத்தார்கள். கார முறையில் 6 போதும். எடைக் கணக்கில், 100 கிலோ எண்ணெய்க்கு சுமார் 150 கிலோ மெத்தனால்! செலவாவது 11 கிலோதான் என்றாலும், மீதியை வடித்து மீட்டுத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். தவிர, சூடு 300 டிகிரியைத் தாண்டினால் எண்ணெயின் சில மென்மையான பகுதிகள் சிதைந்து போகவும் தொடங்குகின்றன.

ஆபத்தையும் மறந்துவிடக் கூடாது. கள்ளச் சாராயத்தில் கலந்து உயிரைக் குடிக்கும் மெத்தனால்தான் இது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைப் பலி கொண்டதும் இதுவே. அதைக் கொதிநிலைக்கு வெகு மேலே சூடேற்றி, பயங்கர அழுத்தத்தில் அடைத்து வைப்பது குடிசைத் தொழிலாகச் செய்யக் கூடிய காரியம் அல்ல.

கடிவாளம் போடும் முயற்சி

விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. சாகாவும் குஸ்டியானாவும் வேலையை இரண்டு படிகளாகப் பிரித்தார்கள். முதலில் மெத்தனால் வேண்டாம். 270 டிகிரி சூட்டில் அழுத்தி வைத்த வெந்நீரே எண்ணெயைப் பிளக்கட்டும். கிளிசரின் தண்ணீரோடு போய்விடும். மிஞ்சும் கொழுப்பு அமிலங்களை அதே 270 டிகிரியில் மெத்தனாலோடு சேர்த்தால் போதும். சூடும் குறைந்தது; அழுத்தமும் பெருமளவு இறங்கியது.

சீன ஆராய்ச்சியாளர்கள் 2005-ல் வேறொரு தந்திரம் செய்தார்கள். சோயா எண்ணெய்க் கலவையில் புரொபேன் வாயுவைச் சிறிது சேர்த்தார்கள். அது எண்ணெயையும் மெத்தனாலையும் சீக்கிரம் ஒன்று சேர்த்ததால், 280 டிகிரியிலேயே பத்து நிமிஷத்தில் காரியம் முடிந்தது. வெளியே வரும் சூடான எரிபொருளைக் கொண்டு உள்ளே போகும் குளிர்ந்த எண்ணெயைச் சூடாக்கினால் சக்தியும் மிச்சமாகும். மெத்தனாலுக்குப் பதில் கரும்பிலிருந்து கிடைக்கும் எத்தனாலைப் பயன்படுத்தினால், எரிபொருள் முழுவதுமே வயலில் விளைந்ததாகி விடும்.

இந்தியாவிலும் இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் கிரிதர் மத்ராஸ் குழுவினர் சூரியகாந்தி எண்ணெயை மீமாறுநிலையில் உள்ள மெத்தனாலிலும் எத்தனாலிலும் சோதித்து 2004-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறக்குறைய முழு எண்ணெயும் எரிபொருளாக மாறியது. என்சைமைக் கொண்டு கரியமில வாயுவில் செய்து பார்த்தபோதோ மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. 2007-ல் புங்கன் எண்ணெயையும் காட்டாமணக்கு எண்ணெயையும் இதே விதத்தில் சோதித்தார்கள். சாலையோரத்தில் நிழல் தரும் நம் புங்க மரத்தின் விதைதான்!

விமானமும் பறந்தது

மெத்தனாலை விட்டுத் தண்ணீரையே முழு வேலைக்கும் ஏவினால்? தண்ணீரின் மாறுநிலை 374 டிகிரி. அழுத்தம் 218 மடங்கு. அந்த உக்கிர நிலையில் தண்ணீரே எண்ணெயைப் பிளந்து, மாற்றி அமைத்து, பெட்ரோலியத்தை ஒத்த கச்சாப் பொருளாக்கி விடுகிறது. ஹைட்ரஜன் சேர்த்துச் சுத்தம் செய்தால் விமான எரிபொருள் தயார். அமெரிக்க நிறுவனங்கள் இந்த முறையில் எத்தியோப்பியக் கடுகு எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளை மட்டுமே நிரப்பிக் கொண்டு, 2012 அக்டோபரில் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலைச் சேர்ந்த ஜெட் விமானம் ஒன்று பறந்தது. பெட்ரோலியம் ஒரு சொட்டும் கலக்கவில்லை. 2020-ல் இந்த ரக எரிபொருளைக் கலந்து பயன்படுத்த விமான எரிபொருள் தர விதிகளிலும் இடம் கிடைத்தது.

யாருடைய எண்ணெய்?

இவ்வளவு வித்தைகளையும் கற்றுக் கொண்ட பிறகு, கடைசியில் எஞ்சுவது ரசாயனக் கேள்வி அல்ல; நியாயக் கேள்வி. எந்த எண்ணெயை எரிப்பது?

குஸ்டியானா பிற்காலத்தில் தாய்நாடு திரும்பி, எரிசக்தி அமைச்சகத்தில் உயர் பொறுப்பு வகித்தார். அவருடைய இந்தோனேசியா 2025-ல் டீசலில் 100-க்கு 40 பங்கு பயோடீசல் கலக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அத்தனையும் பாமாயிலிலிருந்து. டீசல் இறக்குமதிச் செலவு குறைந்தால் நாட்டுக்கு லாபம்தான். ஆனால் பாமாயில் தோட்டத்துக்காகக் காடு அழிகிறதே என்ற கவலையும், சமையல் எண்ணெய் விலை ஏறுகிறதே என்ற முணுமுணுப்பும் கூடவே எழுகின்றன.

இந்தியாவும் ஒரு பாடம் படித்திருக்கிறது. தரிசு நிலத்தில் காட்டாமணக்கை நட்டால் டீசல் காய்க்கும் என்று பெரிதாகப் பேசப்பட்டது. 2017-க்குள் 100-க்கு 20 பங்கு கலப்பு என்று 2009-ல் இலக்கு வைத்தார்கள். தண்ணீரும் உரமும் இல்லாத நிலத்தில் எதிர்பார்த்த மகசூல் வரவில்லை, இலக்கும் கைகூடவில்லை. 2018-ல் வகுத்த கொள்கை 2030-க்குள் 5 பங்கு என்று இறங்கி வந்தது. மீந்த சமையல் எண்ணெயின் பக்கம் பார்வையைத் திருப்பியது.

அந்தப் பார்வையே சரியான பார்வை. மீந்த எண்ணெயைக் கொண்டு தேசத்து லாரிகள் அனைத்தையும் ஓட்டிவிட முடியாது. ஆனால் அந்த எண்ணெய் எரிபொருளாகும் ஒவ்வொரு லிட்டரும், யாரோ ஒரு குழந்தையின் தின்பண்டத்தில் சேராமல் தப்பிய லிட்டர். விளைநிலத்தைப் பறிக்காமல், காட்டை வெட்டாமல் கிடைத்த லிட்டர். எண்ணெய் எவ்வளவு அழுக்காக இருந்தாலும் ஏற்றுக் கொள்ளும் முறை விஞ்ஞானிகளின் கையில் இருக்கிறது. அதன் செலவை இறக்குவது பொறியாளர்களின் வேலை. கடைக்குக் கடை எண்ணெயைச் சேகரித்து, அது மறுபடியும் அடுப்பேறாமல் காப்பது அரசாங்கத்தின் வேலை. ஒரு முறை பொரித்த எண்ணெய்க்கு நல்ல விலை கிடைக்கும் என்று ஆகிவிட்டால், அதைத் திரும்பவும் காய்ச்சக் கடைக்காரருக்கே மனம் வராது!